குழந்தைகளுக்கான இயர்மஃப்: தீபாவளிக்கென்று வாங்கினேன், கல்யாண மண்டபத்துக்குத்தான் லாயக்கு

ஐந்துக்கு மூன்றரை. குறைத்த ஒன்றரையில் ஒரு மதிப்பெண் அட்டைப்பெட்டிக்காக. பெட்டியின் முகப்பில் வாணவேடிக்கைப் படம், அதற்குக் கீழே இந்தக் காதுமூடியை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு குழந்தை. முக்கால்வாசிப் பேர் அந்தப் படத்தை நம்பித்தான் வாங்குவார்கள். அந்தப் படத்தில் இருக்கும் வேலைக்குத்தான் இந்தப் பொருள் அவ்வளவாக உதவாது.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. காரணம், இதே அச்சில் வார்த்த இதே சாமான் ஆன்லைனில் நாலைந்து பெயர்களில் கிடைக்கிறது. வட்டமான இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே நுரைப் பஞ்சு, விளிம்பில் மெத்தென்ற ரெக்ஸின் வளையம். பெரியவர்களுடையதில் இருப்பது போல தலைக்கு மேலே விறைப்பான வளைவு கிடையாது. அகலமான எலாஸ்டிக் பட்டைதான். கைக்குழந்தையின் உச்சிக்குழி இன்னும் மூடியிருக்காது, அதனால் அழுத்தாத பட்டை. இந்த இடத்தில் யோசித்துச் செய்திருக்கிறார்கள். விலை ஆயிரத்து அறுநூறு சொச்சம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வரும் கணக்கெல்லாம் எதற்கென்று தோன்றும். கச்சேரி, கல்யாண ரிசப்ஷன், கோயில் விழா என்று சவுண்ட் வைப்பதுதான் என் தொழில். வருடக்கணக்காக ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றதில் என் வலது காதில் ஒரு ரீங்காரம் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஆகவே பெண்ணுக்கு முதல் தீபாவளி வருகிறது என்றதும், பட்டுப் பாவாடையைவிட முதலில் யோசித்தது அவள் காதைத்தான். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வருடமும் அசோசியேஷன் காசு திரட்டி, கார் நிறுத்தும் திடலில் ஃபேன்சி வெடி வைப்பார்கள். ராத்திரி ஏழு மணிக்கு நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். "மாப்ள, முதல் தீபாவளிக்கு பிள்ளையை வெளியில கூட்டிப் போகாம இருந்தா எப்படி? மத்தாப்பு வெளிச்சம் காட்டணும்" என்றார். என் அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். "நீயெல்லாம் அயனாவரத்துல ஆயிரம்வாலா சத்தத்துலதான்டா வளர்ந்த. சத்தம் கேட்டுப் பழகினாத்தான் பயம் தெளியும்." மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். 'இதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்' என்று அர்த்தம்.

சரி, பொருளுக்கு வருவோம். பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 26 டெசிபல் என்று இருக்கிறது, அவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று அர்த்தம். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் பொடி எழுத்தில் என்.ஆர்.ஆர்., அதாவது சத்தக் குறைப்பு மதிப்பெண், 22. முன்னது ஐரோப்பியச் சோதனைமுறையில் வரும் எண், பின்னது அமெரிக்க முறையில் வருவது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே ஆய்வுக்கூடத்தில், சரியாக மாட்டிவிட்டு, ஒரே சீரான இரைச்சலில் அளந்தவை. வீட்டில் அந்த எண் கிடைக்காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷே காதுமூடிகளுக்குப் போட்டிருக்கும் எண்ணில் 25 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. 22-இல் அதைக் கழித்தால் பதினாறரை. நான் பதினாறு என்றே வைத்துக்கொண்டேன்.

அதோடு விட மனசு வரவில்லை. ஒரு சின்ன தர்பூசணி வாங்கி, குறுக்கே துளை போட்டு, என்னிடமிருக்கும் அளவீட்டு மைக்கின் முனை தோலின் மட்டத்துக்கு வரும்படி செருகி, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பட்டையை மாட்டினேன். எதிரே ஸ்பீக்கரில் சீரான இரைச்சல். "திங்கற பழத்துல துளையைப் போட்டு அதுக்குக் குல்லா வேற" என்று அம்மா முணுமுணுத்தது ரிக்கார்டிங்கிலேயே இருக்கிறது. முடிவு எதிர்பார்த்ததுதான்: ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருபது டெசிபலைத் தாண்டிக் குறைக்கிறது. கீழே 125 ஹெர்ட்ஸுக்கு வந்தால் பத்தைக்கூடத் தொடவில்லை. அதாவது விசில், பீப்பி, ஒரு பெரிய சரத்தின் படபட எல்லாம் நன்றாக அடங்கும். அணுகுண்டின் 'டொம்' அடங்காது. நெஞ்சுக்கூட்டில் இறங்குகிற அந்த அதிர்வுக்குக் காதுமூடி போட முடியாது. குழந்தை திடுக்கிட்டுக் கையைக் காலைத் தூக்கிப் போடுவது அதற்கும்தான்.

இப்போது வெடியின் கணக்கு. இந்தியாவில் வெடிக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் அளந்தால் உச்ச அழுத்தம் 145 டெசிபலைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளின் காதுக்குச் சொல்லும் உச்சம் 120. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஆக 8 மீட்டரில் 139, 16-இல் 133, 32-இல் 127, 64-இல் 121. சட்டத்துக்கு உட்பட்ட, பில் போட்டு வாங்கிய வெடியே இப்படி என்றால், கைக்குழந்தை 64 மீட்டரையும் தாண்டித் தள்ளி இருக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து மனை தூரம். இதுவும் திறந்த வெளிக்கான கணக்கு. அயனாவரத்து இருபதடிச் சந்தில் இரண்டு பக்கச் சுவரும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும், அங்கே இந்தக் கணக்கு எடுபடாது. போதாக்குறைக்கு, பச்சிளம் குழந்தையின் காதுக்குழாய் சின்னது. பெரியவர்கள் காதைவிட அதில் உச்ச சுருதிகள் இன்னும் பலமாகவே செவிப்பறையில் போய் விழும்.

காதுமூடி போட்டால்? பதினாறைக் கழியுங்கள். 64 மீட்டர் பத்துப் பன்னிரண்டு மீட்டராகச் சுருங்குகிறது. பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? எனக்குப் பயம் தந்தது இந்தக் கணக்குதான். காதுமூடி இருக்கிறதே என்ற தைரியத்தில் அசோசியேஷன் நாற்காலியில் இரண்டாம் வரிசையில் போய் உட்காருவோம். அந்தத் தூரத்தில் கிண்ணம் ஒரு விரல்கடை நகர்ந்தால் பதினாறும் போச்சு. வெடிச் சத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து முடிந்துவிடும். "ஐயோ, நகர்ந்திடுச்சே" என்று நாம் சரிசெய்வதற்குள் அது காதுக்குள் போய் வேலையை முடித்திருக்கும்.

நகருமா என்றால், நகரும். ஏழு மாதக் குழந்தை சத்தம் வரும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். திருப்பும்போது தோளில் கிண்ணம் இடித்து, கன்னத்துக்கு இறங்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றைப் பெட்டியில் படம் போட்டவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்: தீபாவளியன்று காலையில் தலைக்கு எண்ணெய். சீயக்காய் போட்டு அலசினாலும் குழந்தையின் தலையில் பிசுக்கு கொஞ்சம் நிற்கத்தான் செய்யும். அதன்மேல் எலாஸ்டிக் பட்டை வழுக்கிக்கொண்டு பின்னந்தலைக்குப் போகிறது. ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் குல்லா மாதிரி கட்டி, அதன்மேல் பட்டையைப் போட்டதும் நின்றது. ஆனால் துணி கிண்ணத்தின் விளிம்புக்குள் போய்விடக்கூடாது. இடைவெளி விழுந்தால் சத்தம் அதன் வழியாக உள்ளே வரும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு வெள்ளை ரெக்ஸினில் அப்பிக்கொண்டது, இன்னும் போகவில்லை. என் தங்கை குழந்தைக்குக் காது குத்தியாயிற்று. அவளுக்குப் போட்டுப் பார்த்ததில் கிண்ணம் காதை முழுதாக மூடுகிறது, ஆனால் தோட்டின் திருகு காதுக்குப் பின்னால் குத்துகிறது. அவள் இரண்டு நிமிடம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

நம்மூர் புழுக்கத்தில் ரெக்ஸின் வளையத்துக்குள் வேர்த்துக் கொட்டுகிறது. கழற்றும்போது காதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். இது குறையா என்றால் பாதிதான், ஏனென்றால் இறுக்கம் இல்லாவிட்டால் அடைப்பும் இருக்காது. அரை மணிக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டினால் போதும். தூங்கும்போது மட்டும் போடாதீர்கள், ஒருக்களித்துப் படுத்தால் கிண்ணம் தலையைத் தள்ளும். சிலர் காதில் பஞ்சு வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது, பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் அது வேறு வம்பு.

பழக்கப்படுத்துவதுதான் நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. தீபாவளிக்கு முன்பே, சட்னி அரைக்கும் நேரம் பார்த்து மாட்டிவிட்டோம். வழக்கமாக மிக்ஸி ஓடினால் முகம் கோணும். இப்போது மிக்ஸியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த கிலுகிலுப்பையைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள். முழு மதிப்பெண் கொடுத்த இடம் அது.

தீபாவளியன்று என்ன ஆயிற்று? 2018-இல் உச்ச நீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாக வரையறுத்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் முதல் சரம் நாலரைக்கே பற்றிக்கொண்டது. விடியற்காலையில் தூங்குகிற பிள்ளைக்குக் காதுமூடியால் பயனில்லை. தெருப் பக்கமில்லாத உள்ளறை, சாத்திய ஜன்னல், முழு வேகத்தில் ஃபேன், இவ்வளவுதான் செய்தோம். எழுந்தாள், அழுதாள், பால் குடித்தாள், தூங்கினாள்.

சாயங்காலத்துக்குத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆறரை மணிக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு நான் மட்டும் கீழே போனேன். (செல்போன் ஆப்பை நம்பாதீர்கள். வெடி மாதிரியான திடீர் சத்தத்தில் போன் மைக் திணறிப்போய்க் குறைத்துத்தான் காட்டும்.) யாரோ பையன்கள் லட்சுமி வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலி வரிசையில் நின்று நாலைந்து வெடிக்கு அளந்து பார்த்தேன், மீட்டர் மீண்டும் மீண்டும் அதன் மேல் எல்லையை முட்டியது. மேலே வந்து மாமியாரிடம், "அத்தை, கீழ வேண்டாம். இங்கிருந்தே காட்டுவோம்" என்றேன். "அப்போ அந்தக் காது மெஷினை எதுக்கு வாங்குனீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

காதைக்கூட விடுங்கள், கீழே போகாததற்குப் பாதிக் காரணம் புகை. காதுமூடி விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கைக்குழந்தை நிமிடத்துக்கு நம்மைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மூச்சு விடும். நமக்கு ஒரு இருமலோடு போகிற புகை அதற்கு அப்படிப் போகாது. குழந்தை டாக்டரும் இதையேதான் சொன்னார்: சத்தத்தை அடைக்க ஏதோ மாட்டுகிறீர்கள், மூக்குக்கு என்ன மாட்டுவீர்கள்? பசுமைப் பட்டாசு என்று மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரியின் முத்திரையோடு வருவதும் சாதாரணப் பட்டாசைவிடத் துகள் மாசு சுமார் 30 சதவீதம் குறைவு என்ற அளவில்தான். மிச்சம் எழுபது இருக்கிறதே.

'சின்னப் பிள்ளைக்கு வெடி வேண்டாம், பாம்பு மாத்திரை கொளுத்திக் காட்டு' என்பவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2016-இல் புனேயின் செஸ்ட் ரிசர்ச் பவுண்டேஷன் சில பட்டாசு வகைகளைக் கொளுத்தி, வெளிவரும் நுண்துகளை அளந்தது. எல்லாவற்றிலும் அதிகம் கக்கியது சத்தமே போடாத பாம்பு மாத்திரைதான். கம்பி மத்தாப்பும் சங்கு சக்கரமும் நடுவில். அளந்தவற்றில் குறைவு புஸ்வாணம். ஆக, அமைதியான சாமானெல்லாம் குழந்தைக்கு நல்லது என்பது நம் வீடுகளின் நம்பிக்கை, அவ்வளவுதான். கம்பி மத்தாப்பின் முனை ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தொடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக் கொளுத்தி போட்டோ எடுக்கும் சமாசாரம் எங்கள் வீட்டில் இல்லை என்று அன்றே சொல்லிவிட்டோம்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. பால்கனியில் நிற்கலாமே என்று தோன்றும். மேலே போனால் தூரம் கூடும் என்பது தரையில் வெடிக்கிற அணுகுண்டுக்குச் சரி. ஃபேன்சி வெடி வெடிப்பதே மேலேதான், பல சமயம் நம் கண் மட்டத்தில். வழி தவறின ராக்கெட் வேறு. அதனால் பால்கனியின் கண்ணாடிக் கதவை இழுத்துப் பூட்டி, கீழ் இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே சோபாவில் உட்கார்ந்தோம். நன்றாக மூடும் கண்ணாடிக் கதவு இந்தக் காதுமூடிக்குக் கிட்டத்தட்ட சமமாகச் சத்தத்தைக் குறைக்கிறது. தலையிலிருந்து வழுக்காது, வேர்க்காது, புகையில் பெரும்பகுதியையும் நிறுத்திவிடும். அதற்கு மேலே காதுமூடியும் போட்டோம். இரண்டும் சேர்ந்தபோது நிஜமாகவே நன்றாக இருந்தது. அவள் ஒருமுறைகூடத் திடுக்கிடவில்லை. அந்த ராத்திரி இல்லையென்றால் மூன்றரைக்கும் கீழேதான் போயிருக்கும்.

வானத்தில் பச்சையும் ஊதாவுமாகப் பூத்துக்கொண்டிருந்தது. அவள் முதல் ஐந்து நிமிடம் அதைப் பார்த்தாள். அப்புறம் மாமியார் கை வளையலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். மாமியாருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "நல்லாத்தான் தெரியுது மாப்ள, ஆனா வெளியில இருந்து பார்க்கற மாதிரி வராது" என்றார். உண்மைதான். அவரையும் அம்மாவையும் கீழே அனுப்பிவைத்தேன். இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, புடவையெல்லாம் கந்தக வாடையோடு திரும்பினார்கள். குளித்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கும்படி சொன்னதற்கு அம்மா இரண்டு நாள் குத்திக்காட்டினாள்.

அப்படியானால் காசு தண்டமா? இல்லை. கார்த்திகையில் மனைவி வழியில் ஒரு கல்யாணம். அங்கேதான் இந்தப் பொருளின் அருமை தெரிந்தது. தவில், நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நூறு டெசிபலை அனாயாசமாகத் தாண்டும். ரிசப்ஷனில் லைட் மியூசிக் வைக்கும் என் சக தொழிலாளிகளைப் பற்றி நானே சொல்லக்கூடாது. நூறு டெசிபல் இரைச்சலில் பெரியவர்களே ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நயோஷின் வரையறை. பதினாறு குறைந்தால் எண்பத்து நாலு. அதோடு, மண்டபச் சத்தம் நின்று நிதானமாக வருகிற சத்தம். கிண்ணம் நகர்ந்தால் தெரியும், உடனே சரிசெய்துவிடலாம், அந்த ஒரு நொடியில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அன்றைக்கு எண்ணெய்த் தலையும் இல்லை. முகூர்த்தம் முழுக்க மாட்டிக்கொண்டு என் தோளில் சாய்ந்தபடி அட்சதையை எடுத்துத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் "இது என்ன, எங்க வாங்கினீங்க" என்று கேட்டுவிட்டார்கள்.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். பெட்டியிலோ தாளிலோ என்.ஆர்.ஆர். எண்ணோ, ஈ.என். 352 என்ற ஐரோப்பியத் தர எண்ணோ அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வெறும் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று போட்டிருந்தால் அது பொம்மை. இரண்டாவது, கைக்குழந்தைக்கு எலாஸ்டிக் பட்டை வைத்ததே வேண்டும், மூன்று வயதுக்கு மேலானவர்களுக்கான விறைப்பு வளைவு வேண்டாம். வாங்கி வந்த அன்றே ரெக்ஸின் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். எங்களுக்கு முதலில் வந்ததில் ஒரு பக்கத் தையல் பிரிந்திருந்தது. மாற்றிக் கொடுக்கப் பத்து நாள் இழுத்தடித்தார்கள், மீதி அரை மதிப்பெண் அதற்குப் போயிற்று. தீபாவளிக்கு முந்தின வாரம் ஆர்டர் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.